இருநூறு பாகை, இருபது நிமிடம்: வீட்டுப் பொடிப்பூச்சு முறை – ஒரு திறனாய்வு

மழையும் பனிமூட்டமும் மிகுந்த ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. நீலகிரி மாவட்டத்தில் குந்தா வட்டத்திலுள்ள மஞ்சூரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் அது. கிரில் கதவு, சன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தேயிலைக் கவாத்து எந்திரத்தின் சட்டம், மிதிவண்டியின் கேரியர் ஆகிய எல்லாமே அங்கு ஆண்டின் பெரும்பகுதியை ஈரத்தில்தான் கழிக்கின்றன. தூரிகையால் பூசிய வண்ணம் இரண்டு மூன்று மழைக்காலங்களில் கொப்புளித்து உரிகிறது. அதன் அடியில் துரு ஓடியிருக்கிறது.

இதற்கு மாற்றாக இன்று பலரும் நாடுவது, பட்டறைகளில் பவுடர் கோட்டிங் எனப்படும் பொடிப்பூச்சு ஆகும். ஆனால் அதைச் செய்யும் பெரிய பட்டறைகள் சமவெளியில் உள்ளன. நான்கு கிரில் துண்டுகளுக்காகக் கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கும் கோயம்புத்தூருக்கும் வண்டி பிடித்தால், பூச்சுக் கூலியைவிட ஏற்றிறக்குக் கூலி கூடிவிடும். எனவே, வீட்டிலோ சிறு வெல்டிங் பட்டறையிலோ ஓர் ஓவனை வைத்து நாமே செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் இளைஞர்களுக்கு எழுவது இயற்கை. சிலர் அதை ஒரு தொழிலாகவே தொடங்க நினைக்கின்றனர்.

அவர்கள் கைக்கு எளிதில் கிடைக்கும் செய்முறை ஐந்து வரிகளில் அடங்கும். துருவை நீக்குக, எண்ணெய்ப் பசையைத் துடைக்க, பொடியைத் தெளிக்க, ஓவனை 200 பாகை செல்சியசில் வைக்க, 20 நிமிடம் கழித்து எடுக்க. இந்த ஐந்து வரிகளை இயற்பியலின் துணைகொண்டு எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொடி எவ்வாறு பூச்சாகிறது?

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சாதாரண வண்ணத்தில் நிறமியும் பிசினும் ஒரு கரைப்பானில் கலந்திருக்கும். கரைப்பான் ஆவியானபின் படலம் எஞ்சும். பொடிப்பூச்சில் கரைப்பானே இல்லை. எபாக்சி, பாலியெஸ்டர் போன்ற பிசின்களோடு நிறமியையும் இறுக்கும் பொருளையும் சேர்த்து அரைத்த நுண்பொடி அது. துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் அளவினவாக இருக்கும்.

இம்முறைக்கு வழிவகுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் கெம்மர். ஒரு தொட்டியில் பொடியை நிரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினார். பொடி நீர்மம்போல் அலைபாய்ந்தது. அதில் சூடான உலோகப் பொருளை முக்கியெடுத்தபோது பொடி உருகி ஒட்டிக்கொண்டது. 1953-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1955-இல் பெற்றார். தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய் வந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. இன்று பல தொழிற்சாலைகளில் உள்ள பாய்மப் படுகை உலர்த்தியில், அடியிலிருந்து வரும் வெப்பக் காற்றில் தேயிலை கொதிக்கும் நீர்போல் துள்ளுவதற்கும் காரணம் இதே தத்துவம்தான்.

1960களில் மின்னேற்ற முறை பரவியது. துப்பாக்கி போன்ற ஒரு கருவி பொடித்துகளுக்கு மின்னேற்றம் அளிக்கிறது. பொருள் புவியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எதிர்மின்னேற்றம் பெற்ற துகள்கள் பொருளை நாடிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. இதன்பின் ஓவனில் இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. முதலாவது, பொடி உருகி வழிந்து சமமான படலமாகிறது. இரண்டாவது, பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல் ஆகின்றன. முதல் நிகழ்ச்சி வெல்லம் உருகுவதைப் போன்றது. இரண்டாவது இட்லி வேவதைப் போன்றது. வெந்த இட்லியை மீண்டும் மாவாக்க முடியாது. பூச்சின் உறுதி, ஒட்டும் ஆற்றல், நீரைத் தடுக்கும் ஆற்றல் எல்லாம் இந்த இரண்டாவது நிகழ்ச்சியைப் பொறுத்தவை.

கண்ணுக்குத் தெரிவதோ முதல் நிகழ்ச்சி மட்டுமே! பொடி உருகிப் பரவியவுடன் பூச்சு பளபளவென்று ஆகிவிடும். இட்லிக்கு மேல்பக்கம் வெந்ததுபோல் தோன்றினாலும், குத்திப் பார்த்தால்தானே உள்ளே மாவு தெரிகிறது? இதை நினைவில் வைத்துக்கொண்டு செய்முறைக்கு வருவோம்.

செய்முறையின் நிறை

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தொழிற்சாலை நுட்பத்தைச் சாதாரண மனிதன் நெருங்கக்கூடியதாக இச்செய்முறை ஆக்கியிருக்கிறது. தூய்மைப்படுத்துவதை முதலில் வைத்ததும் சரியே. பூச்சு உரிந்துபோகும் நிகழ்ச்சிகளை ஆராய்ந்தால் அடியில் எண்ணெய்ப் பசையோ துருவோ இருப்பதைப் பலமுறை காணலாம். மேலும், மெல்லிய தகட்டில் செய்த பொருள்களுக்கு 200 பாகை, 20 நிமிடம் என்ற கணக்கு உண்மையிலேயே நல்ல பயன் தருகிறது. அதனால்தான் இச்செய்முறை நம்பிக்கை பெற்றிருக்கிறது. அதனால்தான் அது தவறும் இடத்தில் யாரும் அதை ஐயுறுவதில்லை.

எதன் வெப்பநிலை? எப்போதிலிருந்து நேரம்?

பொடிப் பெட்டியின்மேல் தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பதை ஊன்றிப் படியுங்கள். பாலியெஸ்டர் பொடி பலவற்றில் 200 பாகையில் 10 நிமிடம் என்றிருக்கும். பக்கத்திலேயே ‘உலோகத்தின் வெப்பநிலை’ என்ற சொற்களும் இருக்கும். பொருளின் உலோகமே 200 பாகையை எட்டியபின் 10 நிமிடம் என்பதுதான் இதன் பொருள். செய்முறையோ ஓவனின் முள்ளைப் பார்க்கச் சொல்கிறது. முள் காட்டுவது ஓவனில் ஒரு மூலையிலுள்ள காற்றின் வெப்பநிலை. இரண்டும் ஒன்றா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மேனிலைப்பள்ளியில் நியூட்டனின் குளிர்தல் விதியைப் படித்திருப்பீர்கள். சூடேறுவதற்கும் அதே விதி பொருந்தும். பொருளுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு விரைவாக வெப்பம் பாயும். வேறுபாடு குறையக் குறையப் பாய்வும் தளரும்.

சிறு ஓவன் ஒன்றில் காற்றோட்டம், கதிர்வீச்சு இரண்டும் சேர்ந்து, ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு பாகை வேறுபாட்டில் 20 வாட் வெப்பம் பாய்வதாகக் கொள்வோம். எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோகிராம். தன்வெப்பம் கிலோகிராமுக்குப் பாகைக்கு ஏறத்தாழ 490 ஜூல். தகட்டின் இரு பக்கமும் சூடேறுவதால், ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் சுமார் 96 நொடி என்ற ஒரு கால அளவு கிடைக்கிறது. இக்கால அளவு ஒருமுறை கடக்கும்போது, காற்றுக்கும் உலோகத்துக்கும் உள்ள வேறுபாடு 100-இலிருந்து 37-ஆகக் குறையும். மீண்டும் ஒருமுறை கடந்தால் ஏறத்தாழ 14 ஆகும்.

மஞ்சூரில் ஒரு காலை வேளை. பொருளின் தொடக்க வெப்பநிலை 15 பாகை. ஓவனின் காற்று விடாமல் 200 பாகையிலேயே இருக்கிறது என்று செய்முறைக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். உலோகம் 190 பாகையை எட்ட ஆகும் நேரம்:

1 மி.மீ. தகடு – ஏறத்தாழ 5 நிமிடம்
3 மி.மீ. தகடு – ஏறத்தாழ 14 நிமிடம்
10 மி.மீ. தகடு – ஏறத்தாழ 47 நிமிடம்

இப்போது செய்முறையின் நிறையும் குறையும் ஒருசேர விளங்குகின்றன. 1 மி.மீ. தகட்டுக்கு 5 நிமிடம் போக மீதி 15 நிமிடம் கிடைக்கிறது. பூச்சு நன்கு இறுகும். 3 மி.மீ. தகட்டுக்கு மிஞ்சுவது 6 நிமிடமே. 10 மி.மீ. தகடோ, 20 நிமிட மணி அடிக்கும்போது வெறும் 147 பாகையில்தான் இருக்கும்! பொடி உருகியிருக்கும், பரவியிருக்கும், பளபளப்பும் வந்திருக்கும். வலைப்பின்னல் மட்டும் முற்றுப் பெற்றிருக்காது. வேதிவினைகள் வெப்பநிலை குறையும்போது விரைவாகத் தளர்பவை. 200 பாகையில் 10 நிமிடத்தில் முடியும் பொடிக்கு 180 பாகையில் 15 முதல் 20 நிமிடம் வேண்டியிருக்கிறது என்றால், 147 பாகையில் கழிந்த சில நிமிடங்கள் எம்மட்டில் பயன்படும்?

இந்தக் கணக்கில் 20 வாட் என்பது ஒரு நடுத்தர மதிப்பு. உங்கள் ஓவனில் அது கூடலாம், குறையலாம். எனவே நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தடிமன் பத்து மடங்கானால் நேரமும் பத்து மடங்காகும் என்பதே இதில் கொள்ள வேண்டிய செய்தி. எல்லாத் தடிமனுக்கும் ஒரே நேரம் சொல்லும் செய்முறை எவ்வாறு சரியாக இருக்க முடியும்?

மெல்லிய தகட்டைத் தடித்த பட்டையோடு வெல்டிங் செய்த பொருளில் சிக்கல் இரட்டிப்பாகிறது. பட்டை வேகும்வரை வைத்தால் தகட்டின் பூச்சு மிகையாக வெந்து, வெள்ளை நிறம் மஞ்சளாகும். தகட்டுக்கு ஏற்ப எடுத்தால் பட்டையின் பூச்சு அரைவேக்காடாகும். வீட்டு ஓவன்களில் மேலும் கீழும் செந்தணலாக எரியும் கம்பிகள் பொருளுக்கு மிக அருகில் இருப்பதால், கம்பியை நோக்கிய பக்கம் கதிர்வீச்சால் கருகுவதும் மறுபக்கம் பச்சையாக நிற்பதும் உண்டு. கம்பிகளை ஒரு தகட்டால் மறைத்து, விசிறியால் காற்றைச் சுழலவிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு பாடம்

1962-இல் குந்தாவில் சிறு விவசாயிகளுக்கான கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது. அதன்பின் இம்மலைப்பகுதியில் அத்தகைய தொழிற்சாலைகள் பல தோன்றின. அவற்றில் உலர்த்தியருகே நிற்கும் தொழிலாளியைக் கவனியுங்கள். உலர்த்திக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை 100 பாகையை ஒட்டி இருக்கலாம். அவர் அதோடு நிறைவடைவதில்லை. வெளியேறும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்கிறார். வழக்கமான உலர்த்திகளில் அது 50, 55 பாகை அளவில் இருக்கும். ஈர இலை தன் நீரை ஆவியாக்குவதில் வெப்பத்தைச் செலவிடுவதால் இந்த வேறுபாடு. உள்ளே இலைக்கு என்ன நேர்ந்தது என்பதை வெளியேறும் காற்றுதான் சொல்லும். அதன்பின் தூளைக் கையில் எடுத்து, முகர்ந்து, ஈரம் ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்கு வந்துவிட்டதா என்றும் சோதிக்கிறார்கள்.

அடுப்பின் சூடு வேறு, பொருள் ஏற்ற சூடு வேறு என்னும் இந்தப் பட்டறிவு மஞ்சூர் மக்களுக்குப் பல ஆண்டுகளாக உண்டு. ஐந்து வரிச் செய்முறைக்குத்தான் அது இல்லை.

மலை சேர்க்கும் சிக்கல்கள்

செய்முறை எந்த ஊருக்கென்று எழுதப்பட்டதோ தெரியாது. மலையூரின் நிலைமைகளை அது கணக்கில் கொள்ளவில்லை.

முதலாவது, மின்னழுத்தம். குந்தா நீர்மின் நிலையங்கள் அருகில் இருந்தாலும், நீண்ட கம்பித்தொடரின் கடைசியிலுள்ள வீட்டுக்கு மாலை நேரத்தில் முழு 230 வோல்ட் வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. வெப்பக் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 190 வோல்ட் மட்டுமே கிடைத்தால் 1500 வாட் ஓவன் ஏறத்தாழ 1020 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விடுகிறது. காற்றே 200 பாகையை எட்டத் திணறும்.

இரண்டாவது, காற்றின் அடர்த்தி. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்று மெலிந்திருப்பதால், விசிறியில்லாத ஓவனில் காற்றின் வழியாகப் பாயும் வெப்பம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். கதிர்வீச்சு குறைவதில்லை. சிறிய வேறுபாடுதான், ஆனால் இதுவும் நேரத்தைக் கூட்டும் பக்கமே சாய்கிறது.

மூன்றாவது, ஈரம். இதுவே மிகப் பெரியது. 20 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 17 கிராம் நீராவியைத் தாங்கும். மூட்டமான நாளில், 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள 6 கன மீட்டர் காற்றைக் காம்ப்ரசர் ஒரு கன மீட்டராக அமுக்குவதாகக் கொள்வோம். அதில் மொத்தம் 83 கிராம் நீர் இருக்கும். காற்று மீண்டும் 20 பாகைக்குக் குளிர்ந்ததும் 17 கிராம் மட்டும் ஆவியாக நிற்க, 66 கிராம் நீராக இறங்கிவிடும். நீர்ப்பிரிப்பான் இல்லையெனில் இந்த நீர் குழாய் வழியாகப் பொடியில் கலந்து அதைக் கட்டியாக்கும். தேய்த்துத் துலக்கிய இரும்பும் ஈரக்காற்றில் விரைவில் செம்மை படரத் தொடங்கும். எனவே துலக்கியவுடன் பொருளை ஓவனில் வைத்து உலர்த்தி, ஆறியதும் தாமதமின்றிப் பொடி தெளிக்க வேண்டும்.

நான்காவது, வெயில். உயரம் 1000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர்களின் செறிவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. எபாக்சி பூச்சு இக்கதிர்களால் சுண்ணாம்புபோல் வெளுத்துத் தூளாகும் இயல்புடையது. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு அது தகும். வெளிக்கதவுக்குப் பாலியெஸ்டர் பொடியே ஏற்றது.

செய்முறை வாய்திறக்காத ஆபத்துகள்

பூச்சு உரிந்தால் பணம்தான் நட்டம். உயிருக்குத் தீங்கு தரக்கூடிய சிலவற்றையும் செய்முறை சொல்லாமல் விட்டிருக்கிறது. அதன் மிகப் பெரிய குறை இதுவே.

பொடிப்பூச்சுக்குப் பயன்படுத்திய ஓவனில் பின்னர் ஒருபோதும் உணவு சமைக்கலாகாது. பாலியெஸ்டர் பொடிகள் சிலவற்றில் இறுக்கும் பொருளாகச் சேர்க்கப்படும் டி.ஜி.ஐ.சி. என்னும் சேர்மம், மரபணுக்களில் மாற்றத்தை உண்டாக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பொடி வாங்கும்போதே அது இல்லாத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. முகமூடி அணியாமல் தெளிக்கக் கூடாது. குளிருக்காகக் கதவு சன்னல்களை அடைத்துக்கொள்ளும் மலைநாட்டு வழக்கம் இங்கு உதவாது; ஓவனின் புகை வெளியேற வழி இருந்தே தீர வேண்டும்.

பொடி எரியக்கூடியது. காற்றில் பரவிய நுண்பொடி, ஒரு கன மீட்டருக்குச் சில பத்து கிராம் அளவை எட்டினாலே, ஒரு பொறியில் வெடித்து எரியலாம். இரண்டு கன மீட்டர் மூலையொன்றில் ஒரு கைப்பிடிப் பொடி போதும். ஆகவே தெளிக்கும் இடமும், செந்தணல் கம்பியுள்ள ஓவனும் தனித்தனி இடங்களில் இருக்க வேண்டும்.

2000 வாட் ஓவன் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பிளக்கிலோ, நீட்டிப்புப் பெட்டியிலோ செருகுவது தீயை வரவேற்பதாகும். ஓவனின் உடலும் தெளிக்கப்படும் பொருளும் நல்ல எர்த் இணைப்புப் பெற்றிருக்க வேண்டும். பெரிய ஓவன் வேண்டுமென்று பழைய குளிர்ப்பெட்டியின் கூட்டை மாற்றியமைக்க நினைப்போர் உண்டு. அதன் சுவருக்குள் இருக்கும் நுரை சூட்டில் சிதைந்து நச்சு வாயுக்களைத் தரும். எஃகுப் பெட்டியைக் கண்ணாடி இழை அல்லது ராக்வூல் கொண்டு பொதிவதே முறை. கல்நார்த் தகடுகள் அறவே வேண்டாம்.

எதை ஓவனில் வைக்கலாகாது என்பதும் முக்கியம். எண்ணெயோ வாயுவோ அடைபட்ட ஷாக் அப்சார்பர் போன்ற உறுப்புகள் சூட்டில் வெடிக்கும். உறுதியூட்டிய அலுமினியக் கலவைகளுள் சில, 160 முதல் 180 பாகை அளவில் பதப்படுத்தி உறுதி பெற்றவை. அவற்றை 200 பாகையில் நெடுநேரம் வைத்தால் அந்த உறுதி குறையும். வண்டிச் சக்கரம், மிதிவண்டிச் சட்டம் போன்ற, உயிரைத் தாங்கும் உறுப்புகளில் வீட்டுச் சோதனை செய்யாதிருப்பதே அறிவுடைமை.

திருத்தம் எளிது

இச்செய்முறையை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. நான்காம், ஐந்தாம் வரிகளைத் திருத்தினால் அது பயனுள்ளதாகிவிடும். பொருளின் மிகத் தடித்த பகுதிக்குச் சமமான தடிமனுள்ள இரும்புத் துண்டு ஒன்றை எடுங்கள். அதில் சிறு துளையிட்டு, குரோமெல்–அலுமெல் வெப்ப மின்னிரட்டையின் முனையை உள்ளே செருகுங்கள். இவ்வகை வெப்பமானிகள் மின்பொருள் கடைகளில் அதிக விலையின்றிக் கிடைக்கின்றன. அத்துண்டைப் பொருளின் அருகிலேயே தொங்கவிடுங்கள். அது பொடிப் பெட்டியில் குறித்த வெப்பநிலையை எட்டிய நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். அதுவரை கழிந்த நேரம் 5 நிமிடமோ 50 நிமிடமோ, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இறுதியில் சோதனையும் தேவை. பொருளோடு சேர்த்துப் பூசிய அந்தத் துண்டையே சோதனைக்குப் பயன்படுத்தலாம். பூச்சு நன்கு ஆறியபின், மெத்தில் எத்தில் கீட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால், காற்றோட்டமான இடத்தில், தீயின்றி, கையுறை அணிந்து பலமுறை தேய்த்துப் பாருங்கள். பளபளப்புச் சற்று மங்கலாம். ஆனால் பூச்சு இளகி நிறம் துணியில் ஏறினால் அது வேகவில்லை என்று பொருள். அத்தகைய பூச்சை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு அன்று குறை தெரியாது. ஓரிரு மழைக்காலம் கழித்துத் தெரியும்போது, வேகாத பூச்சைப் பழிக்காமல் பொடிப்பூச்சு முறையையே பழிப்பார். அவ்வூரில் அத்தொழிலைத் தொடங்கிய இளைஞனின் பெயரும் அதோடு போகும்.

எந்தச் செய்முறையைப் படித்தாலும், அதில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ‘எதனுடைய?’, ‘எப்போதிலிருந்து?’ என்ற இரு கேள்விகளை எழுதிப் பாருங்கள். இருநூறு பாகை – எதனுடைய? இருபது நிமிடம் – எப்போதிலிருந்து? இவ்விரண்டுக்கும் விடை தராத செய்முறை, மெல்லிய தகட்டில் பலித்தது போலவே தடித்த பட்டையிலும் பலிக்கும் என்று நம்ப நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.